வேப்பமரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது

கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டாதீர்கள். ஒரு வரி படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகலாம். சளி கட்டியிருக்கிறது, மாந்தம், வயிற்றில் பூச்சி என்று எந்தக் காரணம் சொன்னாலும், "நாங்களெல்லாம் கொடுத்துத்தானே வளர்த்தோம்" என்று எந்தப் பாட்டி சொன்னாலும், வேண்டாம்.

நேரம் உள்ளவர்களுக்கு மீதியைச் சொல்கிறேன். வேம்பு விஷயத்தில் நமக்குள்ள பெரிய குழப்பம், அதை ஒரே மருந்தாக நினைத்துக்கொள்வது. பூ, கொழுந்து, முற்றிய இலை, பட்டை, பழம், பருப்பு, எண்ணெய், பிண்ணாக்கு எல்லாமே ஒரு மரத்தில் வருகிறவைதான். ஆனால் பூவை ரசத்தில் போட்டு வீட்டில் எல்லாரும் சாப்பிடலாம். பருப்பை ஆட்டி எடுத்த எண்ணெய் ஒரு சங்கு உள்ளே போனால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. "வேம்பு சாப்பிடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "மரத்தில் எதை?" என்றுதான். நினைவில் வைக்க எளிதாக ஒன்று சொல்லலாம். பூ சமையலறைக்கு. இலை பெரும்பாலும் உடம்பின் வெளிப்புறத்துக்கு. விதையும் எண்ணெயும் செடிக்கும் வயலுக்கும். இந்த வரிசையைத் தாண்டுகிற இடங்களில்தான் வம்பு வருகிறது.

எண்ணெய் கதையை முடித்துவிடுவோம். 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் மலேசிய மருத்துவர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்குள்ள இந்தியக் குடும்பங்களில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்குச் சில மணி நேரத்துக்குள் வாந்தி, மயக்கம், மூளை பாதிப்பு வந்ததை அதில் பதிவு செய்திருந்தார்கள். கல்லீரலில் கொழுப்பு படிந்து மூளை வீங்கும் 'ரேய்' நோயைப் போலவே அது இருந்தது. பிறகு இந்தியாவிலும் இதே போன்ற பாதிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்தன. பெரியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை. நிறையக் குடித்தவர்களுக்குக் கண் நரம்பு பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கியதும் பதிவாகியிருக்கிறது.

"சித்த மருத்துவத்திலேயே வேப்பெண்ணெய் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வைத்தியர் ஆளைப் பார்த்து, நாடி பார்த்து, அளவு பார்த்து, வேறு சரக்குகளோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று. செக்கில் வாங்கி வந்த பாட்டிலைச் சாய்த்துச் சங்கில் ஊற்றுவது வேறு. அந்தப் பாட்டிலில் எவ்வளவு வீரியம் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஆடி மாதச் சாரலில் மரத்தடியில் ஊறிக் கிடந்த வேப்பங்கொட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். வேர்க்கடலையில் வருகிற அஃப்ளடாக்ஸின் என்ற அதே நச்சு இதிலும் வரும். அதைப் பொறுக்கி ஆட்டினால் எண்ணெயை நம்பவே முடியாது.

ஏற்கெனவே புகட்டிவிட்டீர்களா? குழந்தை வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ காத்திருக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறதா, கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தேடிப் பார்க்க அவருக்கு அந்த ஒரு தகவல்தான் துப்பு.

இனிப் பூவுக்கு வருவோம். பங்குனியிலும் சித்திரையிலும் மரம் வெள்ளையாகப் பூத்து உதிரும். முந்தின இரவே மரத்தடியில் பழைய வேட்டியோ பருத்திப் புடவையோ விரித்து வைத்தால் விடியற்காலையில் சுத்தமான பூ கிடைக்கும். சாலையோர மரம் வேண்டாம். புகையும் தூசியும் பூவில்தான் படியும். காம்பை நீக்கி நிழலில் உலர்த்துங்கள். சருகு போல நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடிவிட்டால் அடுத்த சித்திரை வரை வரும். ஈரம் மிச்சமிருந்தால் பத்தே நாளில் கட்டியாகிவிடும்.

ரசத்துக்குப் பூவை நெய்யில் நன்றாகக் கருஞ்சிவப்பாக வறுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும். வறுபட்டால்தான் அந்த மணம் வரும். ரசத்தை இறக்கிய பிறகு மேலே தூவுங்கள், கூடவே கொதிக்க விடாதீர்கள். புத்தாண்டுப் பச்சடிக்கு மாங்காய், வெல்லத்தோடு ஒரு சிட்டிகை போதும். பூவை நோய்க்கு மருந்தாக நினைத்து அள்ளிச் சாப்பிட வேண்டிய தேவையே இல்லை. நாக்குச் செத்துக் கிடக்கும்போது சாப்பாட்டில் ஆசை வரவைத்தால் அதன் வேலை முடிந்தது. வேம்பு பூக்கும் காலத்தில் தும்மலும் இளைப்பும் வருகிறவர்கள் மட்டும் பூ பொறுக்கப் போக வேண்டாம். வேறு யாரிடமாவது சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இலையில்தான் ஆட்கள் அதிகம் அளவு மீறுகிறார்கள். பூங்கா வாசலிலும் கடற்கரையிலும் காலை நடை முடித்து வருகிறவர்களை எதிர்பார்த்து அருகம்புல் சாறு, வேப்பிலைச் சாறு என்று கேன்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் ஒரு டம்ளர் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரையும் போட்டுக்கொள்கிறார்கள். வேப்பிலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை உண்டு. சோதனைக்கூடத்தில் விலங்குகளிடம் பலமுறை பார்க்கப்பட்டதுதான். சிக்கலே அங்குதான். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம். திடீரென்று வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, கண் இருட்டல் என்றால் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போடுங்கள். பிறகு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வேப்பிலையை மட்டும் நம்புவது இன்னும் மோசம். இன்று கேனில் ஊற்றிய சாறும் நாளை ஊற்றுவதும் ஒரே வீரியமாக இருக்காது. மாத்திரையில் மில்லிகிராம் எழுதியிருக்கிறது, சாற்றில் எழுதவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் நாலைந்து கொழுந்தை மிளகோடு மென்று தின்பவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் நாலு பேர் தொடவே கூடாது. கர்ப்பிணிகள். கர்ப்பத்துக்குக் காத்திருக்கும் பெண்களும் ஆண்களும். கல்லீரல், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள். இரண்டு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை வைத்திருப்பவர்கள். கர்ப்பம் பற்றிச் சொன்னது வெறும் பயம் காட்டல் இல்லை. வேப்பெண்ணெய்க்கு விந்தணுவைச் செயலிழக்கச் செய்யும் குணம் உண்டு. டெல்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் ஜி. பி. தல்வார் குழுவினர் வேம்பைக் கருத்தடைப் பொருளாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

குழந்தை வேண்டிக் காத்திருப்பவர்கள் மலைவேம்புச் சாறு குடிப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். மலைவேம்பு வேறு மரம். ஒட்டுப்பலகைக்காக வயல்களில் வளர்க்கிறார்களே, மளமளவென்று நெட்டையாக வளருமே, அது. அதற்கு நெருங்கிய இன்னொரு மரத்தின் பழம் மனிதருக்கும் கால்நடைக்கும் நஞ்சு. எது எது என்று பார்த்துச் சொல்லத் தெரியாத ஒருவர் பறித்துக் கொடுத்த இலையை நம்பிக் குடிக்கிறார்கள். மலைவேம்பு என்று நினைத்து வேப்பிலையையே அரைத்துக் குடித்தவர்களும் உண்டு. வேண்டியது ஒன்று, குடித்தது அதற்கு நேர் எதிரானது.

பெயர்க் குழப்பத்தில் இன்னொன்று நிலவேம்பு. 2012-ஐ ஒட்டிய டெங்கு காலங்களில் நிலவேம்புக் குடிநீர் தெருமுனை வரை வந்துவிட்டது. அதில் வேப்பமரத்தின் எந்தப் பகுதியும் கிடையாது. நிலவேம்பு முழங்கால் உயரம் வளரும் ஒரு செடி. சிறியாநங்கை என்று சொல்வோமே, அந்த வகை. குடிநீர்ச் சூரணத்தில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. பொடி கிடைக்கவில்லை என்று வேப்பிலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் அது நிலவேம்புக் குடிநீர் ஆகாது.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை என்ன செய்கிறது என்று பலர் கேட்பார்கள். சிலர் பக்தியோடு, சிலர் கிண்டலோடு. எனக்கு அந்த வழக்கத்தின் மேல் மரியாதை உண்டு. வாசலில் கொத்து சொருகினால் தெருவில் போகிறவர் உள்ளே வரமாட்டார். தொற்று நோய்க்கு இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை கிடையாது. அரிக்கும் இடத்தை நகத்தால் சொறியாமல் கொழுந்துக் கொத்தால் வருடச் சொல்கிறார்கள். நகம் பட்டால்தான் கொப்புளம் சீழ் பிடித்துத் தழும்பாகும். தண்ணீர் ஊற்றும் நாளில் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீர் தோலுக்கு இதமாகவே இருக்கும்.

ஆனால் வேப்பிலை அம்மைக் கிருமியைக் கொல்லாது. சின்னம்மைக்கு இன்று அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. கொப்புளம் தெரிந்த முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நல்ல பலன். எல்லாக் குழந்தைக்கும் அது தேவைப்படாது. பெரியவர்கள், கர்ப்பிணிகள், பிறந்து சில நாளான சிசு, புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள் ஆகியோருக்கு அம்மை கண்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். அதனால் அம்மனுக்குச் செய்யும் மரியாதை குறைந்துவிடாது. அம்மைக் காய்ச்சலில் குழந்தைக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது என்பதும் முக்கியம். மேலே சொன்ன ரேய் நோய் அந்த வழியாகவும் வரும். கொப்புளத்தின் மேல் வேப்பிலையையும் மஞ்சளையும் கெட்டியாக அரைத்து அப்பி, காயவிட்டு உரிக்காதீர்கள். மேல்தோலும் கூடவே வந்துவிடும். தெளிந்த நீர் போதும்.

அந்த நீர் எப்படி? இரண்டு கைப்பிடி இலையை அலசி, மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, மூடி ஆறவைத்து வடிகட்டுங்கள். குளிக்கும் நீரில் கலந்துகொள்ளுங்கள். வேர்க்குரு, லேசான அரிப்பு, வியர்வைச் சிரங்கு இதற்கெல்லாம் நல்லது. அன்றன்றைக்குக் காய்ச்சியதை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

சொறி சிரங்குக்கு வேப்பிலை மஞ்சள் விழுது என்பது பழைய வைத்தியம். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் 814 பேருக்கு அதைப் பூசிப் பார்த்து, 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாளில் குணமானதாக எழுதினார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் விழுது பூசாத இன்னொரு கூட்டத்தோடு அதை ஒப்பிடவில்லை. அதனால் நான் இதை இப்படித்தான் சொல்வேன்: டாக்டர் தரும் பெர்மெத்ரின் களிம்புதான் முதலில். அது கிடைக்காத ஊரில் விழுது பூசலாம். எதைப் பூசினாலும் வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் பூச வேண்டும். பாய், தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் அலச வேண்டும். ஒருவருக்கு மட்டும் பூசினால் சிரங்கு வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பேனுக்கு வேப்பெண்ணெய் பயன்படுத்தலாம், பெரிய பிள்ளைகளுக்கு. ஒரு பங்கு வேப்பெண்ணெய்க்கு நாலு பங்கு தேங்காய் எண்ணெய். கண்ணில் வழியாமல் தடவி, ஒரு மணி நேரம் கழித்து அலசி, ஈருகோலியால் வார வேண்டும். உண்மையில் பாதி வேலை ஈருகோலியுடையது. முன்கையில் ஒரு சொட்டுத் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. விதைக்கடையிலும் உரக்கடையிலும் விற்கும் 'வேம்பு' பாட்டில்கள் பூச்சிக்கொல்லிகள். அவற்றில் கரைப்பான்கள் சேர்ந்திருக்கும். விளக்கேற்றும் கூட்டெண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறதோ தெரியாது. இரண்டையும் தலையில் வைக்காதீர்கள். நல்ல வேப்பெண்ணெய் பழுப்பு மஞ்சளாக, பூண்டு போல நெடியடிக்கும். மார்கழிக் குளிரில் உறையும். உறைந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்துங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.

பல் குச்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுண்டுவிரல் தடிமன், நுனியை மென்று தூரிகையாக்கிய பிறகே தேய்ப்பது, ஈறிலிருந்து பல்லை நோக்கித் தேய்ப்பது. சொத்தைக்கு ஃப்ளோரைடு பற்பசை செய்யும் வேலையை அது செய்யாது. வயிற்றுப் பூச்சிக்குக் கொழுந்து அரைத்துக் குழந்தையைப் பிடித்துப் புகட்டும் ஞாயிற்றுக்கிழமைப் போராட்டமும் இனி வேண்டாம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரை அதைவிட நிச்சயமானது.

சில வருடங்களுக்கு ஒருமுறை எங்காவது ஒரு வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று செய்தி வரும். கூட்டம் கூடும், மஞ்சள் துணி கட்டுவார்கள், பாட்டிலில் பிடித்துக் குடிப்பார்கள். அது மரத்துக்குள் ஓடும் சாறு. அடிபட்ட இடத்திலோ நோய் தாக்கிய இடத்திலோ பீறிட்டு வரும்போது காற்றில் உள்ள கிருமி பட்டு நுரைத்துப் புளித்து வெள்ளையாகிறது. கும்பிடுவது உங்கள் விருப்பம். குடிக்காதீர்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

இதுவரை வேண்டாம், கூடாது என்றே அதிகம் சொல்லிவிட்டேன். விதைக்கு வந்தால் மனம் விட்டுப் பாராட்டலாம். 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி எல்லாப் பச்சையையும் மொட்டையடித்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஹெய்ன்ரிஷ் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் கவனித்தார். 1968-இல் விதையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு அவ்வளவு சிக்கல். சோதனைக்கூடத்தில் முழுதாக உருவாக்க 2007 வரை ஆனது. அது பூச்சியை அடித்த மாத்திரத்தில் கொல்வதில்லை. தின்னும் ஆசையைக் கெடுக்கிறது, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது, முட்டையிடுவதைக் குறைக்கிறது. மாலையில் தெளித்துவிட்டு மறுநாள் காலை பூச்சி உயிரோடிருக்கிறதே என்று பாட்டிலைத் தூக்கி எறிபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வாரம் பொறுங்கள்.

மாடித்தோட்டத்துக்கு எண்ணெயைவிட வேப்பங்கொட்டைக் கரைசல் மேல், ஏனென்றால் ஆட்டும்போது அசாடிராக்டினில் கணிசமான பங்கு பிண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. செய்முறை எளிது. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து ஒன்றிரண்டாக இடித்துத் துணியில் கட்டி, அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மூட்டையைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் பால் போல இறங்கும். வடிகட்டி ஒரு லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேருங்கள். சோப்பு இல்லாவிட்டால் இலையில் ஒட்டாமல் உருண்டோடிவிடும். வயலுக்கும் இதே விகிதம்தான்: 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு.

கொட்டையின் வயதைக் கவனியுங்கள். சேகரித்து மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு பத்து மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆடியில் பொறுக்கியது ஐப்பசியிலிருந்து கைகொடுக்கும். மஞ்சளாகப் பழுத்து விழுந்ததை அன்றன்றைக்கே எடுத்து, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்துச் சாக்கில் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டினால் வியர்த்துப் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

கரைசலை அன்றே தெளித்து முடிக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். வெயிலில் அசாடிராக்டின் சீக்கிரம் சிதைந்துவிடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், அசுவினியும் வெள்ளை ஈயும் குடியிருப்பது அங்கேதான். பூ விரிந்திருக்கும் செடியில் தேனீ வந்துபோகிற நேரம் தெளிக்காதீர்கள். மீன் தொட்டி, தாமரைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கீரைக்குத் தெளித்தால் நாலைந்து நாள் விட்டுப் பறித்து அலசுங்கள், இல்லாவிட்டால் கூட்டு கசக்கும். எண்ணெய்தான் கையில் இருக்கிறதென்றால் லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்குங்கள். முதலில் எண்ணெயைச் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓர் இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள், கருகவில்லை என்றால் முழுச் செடிக்குப் போகலாம்.

வேப்பெண்ணெய் பூஞ்சணத்தைத் தடுக்கும் என்பதற்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காட, 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. நம் விவசாயிகளுக்குக் காலகாலமாகத் தெரிந்ததைப் புதுக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாமல் போனது. அந்த வெற்றியைப் பெருமையோடு பேசுகிற நாம், கொட்டையைப் பொறுக்காமல் தெருவில் மிதித்து நடக்கிறோம் என்பது என் ஆதங்கம்.

அரிசி, பயறு வைத்திருக்கும் டப்பாவில் வேப்பிலை போடுபவர்கள் பச்சையாகப் போடாதீர்கள். ஈரத்தில் வண்டைவிடப் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். நிழலில் காய்ந்த இலையை மெல்லிய துணியில் முடிந்து அடியிலும் நடுவிலும் வையுங்கள். விதைக்கென்று ஒதுக்கிய பயறாக இருந்தால் கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் புரட்டி வைக்கலாம். அதை அப்புறம் சமைக்க எடுக்கக் கூடாது.

கடைசியாக மரத்தைப் பற்றி. மழைக்காலம் முடிந்து மார்கழி, தை வாக்கில் கிளை நுனிகளெல்லாம் தீய்ந்தாற்போலப் பழுப்பாகத் தொங்கினால் மரம் செத்துவிட்டது என்று கோடாரியைத் தேடாதீர்கள். தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சி சாற்றை உறிஞ்சியதாலும், அந்தக் காயத்தின் வழியே பூஞ்சணம் புகுந்ததாலும் நுனி காய்கிறது. சில வருடங்களுக்கு முன் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் இது பரவலாக வந்து எல்லாரும் பயந்தார்கள். பெரும்பாலான மரம் கோடையில் தானே துளிர்த்துவிடும். எட்டும் கிளைகளில் காய்ந்த நுனியை வெட்டி எரியுங்கள், தண்ணீர் விடுங்கள், காத்திருங்கள். மாசி பங்குனியில் இலை மொத்தமும் மஞ்சளாகி உதிர்வது வேறு. அது வருடாவருடம் நடப்பது.

புதிதாக நட நினைப்பவர்கள் "இரவிலும் ஆக்சிஜன் தருகிற மரம்" என்ற செய்தியை நம்பி ஜன்னலை ஒட்டி நடாதீர்கள். இரவில் எல்லா மரமும் போல வேம்பும் மூச்சுவிடத்தான் செய்யும். சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி, தண்ணீர் தேங்காத இடமாகப் பாருங்கள். வறட்சியைத் தாங்குகிற அளவுக்கு அது தேக்கத்தைத் தாங்காது. விதை இரண்டு மூன்று வாரத்தில் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் போன வருடக் கொட்டை உதவாது. ஆனி, ஆடியில் விழும் புதுப் பழத்தின் சதையை நீக்கிய கையோடு பையில் ஊன்றுங்கள். ஐப்பசி மழையில் நிலத்துக்கு மாற்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். ஆடு மேய்கிற தெருவென்றால் முதல் இரண்டு வருடம் முள்வேலி கட்டுங்கள். ஐந்தாம் வருடம் வாக்கில் காய்க்கத் தொடங்கும். நல்ல விளைச்சலுக்குப் பத்து வருடம் ஆகும்.